ஆண்டு முழுவதும் வேலைக்குப் போய்வர, சாய்ந்து ஓட்டும் மின்சைக்கிளை எப்படி வடிவமைக்கலாம்?

எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் தேடுகிறார்கள். நான் காற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து 30 கி.மீ. வேகத்தில் போனால் காற்றுக்கு மட்டுமே சுமார் 200 வாட் வேண்டும். காலை முன்னால் நீட்டிச் சாய்ந்து ஓட்டும் ரிகம்பென்ட்டில், இருக்கைக்குப் பின்னால் கூம்பி முடியும் ஒரு பெட்டியும் வைத்தால், அதில் ஏறக்குறைய பாதி போதும். 1933இல் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் ஒரு ரிகம்பென்ட்டில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. கடந்து சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையையே போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது!

சரி, அப்படியானால் மோட்டார் எதற்கு? மேட்டுக்குத்தான். இதில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, வண்டியின் எடையும் அதிகம். ஏற்றத்திலும் சிக்னலில் கிளம்பும்போதும் திணறும். அந்த இடத்தில் மோட்டார் கைகொடுக்கிறது. சமதரையில் வண்டியின் வடிவம் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. அதனால் உச்ச வேகத்தைப் பார்க்காமல் இழுவிசையைப் பார்த்து மோட்டாரை எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சைக்கிளுக்கு மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிமிர்ந்த சைக்கிள் அந்த இடத்தில் சோர்ந்துவிடும், இது ஓடிக்கொண்டே இருக்கும்.

பாதையில் மேடு பள்ளம் நிறைய இருந்தால் பெடலோடு சேர்ந்த மோட்டார் நல்லது, கியரின் பலன் அதற்கும் கிடைக்கும். ஆனால் இந்த வண்டியின் செயின் மிக நீளம். மழையும் சேறும் பட்டால் சீக்கிரம் தேயும். குழாய்க்குள் ஓடவிட்டு, கியரை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் வையுங்கள். தட்டையான ஊர் என்றால் பின்சக்கர ஹப் மோட்டாரே போதும்.

'ஆண்டு முழுவதும்' என்று கேட்டதால் சொல்கிறேன், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சக்கரம் வையுங்கள். ஈர இலையிலோ பனியிலோ இரு சக்கர ரிகம்பென்ட் சறுக்கினால் கால் ஊன்ற நேரமே இருக்காது. மூன்று சக்கரத்தால் காற்றுத்தடை கொஞ்சம் கூடும், அகலமும் கூடும். கூடட்டும், விழாமல் வீடு சேர்வது முக்கியம். அதேபோல இருக்கையை ரொம்பவும் தாழ்த்த வேண்டாம், கார் ஓட்டுபவரின் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். வலைத்துணி இருக்கை, டிஸ்க் பிரேக், முழு மட்கார்டு அவசியம். முன்பக்கக் காற்றுமறைப்பு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். குளிரிலும் மழையிலும் அது வரம், கோடையில் வெந்துவிடுவோம்.

பேட்டரி பெரிதாக வேண்டாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், முழுச் சக்தியையும் மோட்டாரே தருவதாக வைத்துக்கொண்டாலும், சமதரையில் கிலோமீட்டருக்கு 6, 7 வாட் மணிதான் ஆகும். போய்வர 40 கி.மீ. என்றால் 500 வாட் மணி பேட்டரி தாராளம், குளிரில் கொள்ளளவு குறைந்தாலும் சமாளிக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் செல்கள் கெட்டுவிடும். அதனால் கழற்றி உள்ளே எடுத்துப்போகும்படி பொருத்துங்கள்.