விட்சர் 3: வெலனுக்குத் திரும்பி வந்த சனம்

கேள்வி இதுதான்: "கதைக்காகவே இருந்து விளையாடலாம் எண்டு சொல்லக்கூடிய பாண்டஸி ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமா மாறி விளையாடுற) கேம் எது, உங்கட அனுபவம் என்ன?"

எனக்கு த விட்சர் 3: வைல்ட் ஹண்ட் தான், யோசிக்கவே தேவையில்ல. ரெண்டு தரம் முழுசா முடிச்சிட்டன். முதல் தரம் 2020 மார்ச்சில ஊரடங்கு போட்டு கொழும்பு வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்டுக்குள்ள நாங்க அஞ்சு பேரும் அடைஞ்சு கிடந்த நேரம், ரெண்டாந்தரம் 2022 இல, அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் எண்டு அறிவிச்சாங்களே, அந்தக் காலத்தில, கரண்ட் வாற நேரம் பாத்து விடிய ரெண்டு மணிக்கெல்லாம் எழும்பி விளையாடினனான். கதையை உடைச்சுத்தான் எழுதப்போறன், இனித்தான் விளையாடப்போறீங்க எண்டா இதோட நிப்பாட்டுங்கோ.

தெரியாத ஆக்களுக்கு: 2015 மே மாசம் வந்த கேம், போலந்தில இருக்கிற சிடி ப்ரொஜெக்ட் ரெட் செஞ்சது. கெரால்ட் எண்டு ஒரு வெள்ளை முடிக்காரன், காசு வாங்கிக்கொண்டு பேய் பிசாசுகளைக் கொல்லுறதுதான் தொழில், முதுகில ரெண்டு வாள், வெள்ளி வாள் பிசாசுகளுக்கு, உருக்கு வாள் மனுசருக்கு. காணாமப் போன வளர்ப்பு மகளைத் தேடிக்கொண்டு ஊர் ஊராப் போறான். மெயின் கதை அவ்வளவுதான், அதைப்பற்றி எல்லாரும் எழுதியிருக்கினம், நான் வெலனைப் பற்றித்தான் எழுதோணும் எண்டு நினைச்சன்.

வெலன் எண்டுறது சண்டைக்கு நடுவில மாட்டின ஒரு நாட்டுப்புறம். டெமேரியா எண்ட ராச்சியம் விழுந்துபோச்சு, தெற்கால நில்ஃப்கார்ட் ஆமி, வடக்கால ரெடேனியா ஆமி, நடுவில சேத்து நிலத்தில சனம். போன உடன ஒரு பெரிய மரத்தில தூக்கில தொங்கிற ஆக்களைக் காட்டுவாங்கள். சனம் உங்களைக் கண்டா வரவேற்காது, பயத்தோட பாக்கும், முணுமுணுக்கும், ரெண்டு பக்க ஆமிக்கும் சாப்பாடு குடுத்துக் குடுத்து தங்களுக்கு ஒண்டுமில்லாம இருக்கும். நான் அதுவரைக்கும் விளையாடின பாண்டஸி கேம் எல்லாத்திலயும் சண்டை எண்டா ராசா, கொடி, குதிரைப்படை, இதில தான் முதல் முதலா சண்டை கடந்துபோன பிறகு இருக்கிற ஊரைக் கண்டன்.

மேப்பில கேள்விக்குறி போட்ட இடங்கள் கன இருக்கும். அதில சிலது சனம் விட்டிட்டு ஓடின ஊர்கள். போனா வீடுகள் திறந்தபடி கிடக்கும், உள்ளுக்க பிணந்தின்னிப் பேயள், இல்லாட்டி கொள்ளைக்காரர் குடியிருப்பாங்கள். அதுகளை அடிச்சுக் கலைச்சிட்டு நிண்டீங்க எண்டா கொஞ்சத்தில ஒரு சின்னக் காட்சி வரும், ஓடிப்போன சனம் திரும்பி வருகுது, வந்த உடன அவையவை தங்கட வேலையைத் தொடங்கிறது, சில இடத்தில ஒரு யாவாரியும் வந்து நிப்பார். அவ்வளவுதான், சில செக்கன் தான், அதுக்குக் கேம் தாற எக்ஸ்பீரியன்ஸ் பொயிண்டும் பெரிசா ஒண்டுமில்ல. ஆனா நான் மெயின் கதையை விட்டிட்டு ரெண்டு கிழமை அந்த ஊர்களைத்தான் தேடித் தேடித் திரிஞ்சனான்.

ஏனெண்டா பக்கத்தில கதிரை போட்டு அம்மம்மா இருந்தவ. அவவுக்கு ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. சண்டையில 1990 இல வெளிக்கிட்டவை, 2017 இலதான் ஆமி துறைமுகப் பக்கத்தை விட்டது, நாங்க அவவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்தனாங்கள், ஒரு சுவர்த் துண்டும் கிணறும் தான் மிச்சம், கிணத்துக்குள்ள மரம் முளைச்சிருந்தது. ஊரடங்கு நேரம் அவவுக்குக் கோயிலும் இல்ல, சந்தைக்குப் போறதும் இல்ல, நான் விளையாடுறதைப் பாத்துக்கொண்டு இருப்பா, கேம் இங்கிலிஷில எண்டபடியா நான்தான் தமிழில சொல்லிக்கொண்டு வருவன். அந்தக் காட்சி முதல் தரம் வந்தப்ப "ஆர் இவை?" எண்டு கேட்டா, "ஊருக்குத் திரும்பி வாற ஆக்கள் அம்மம்மா" எண்டன். கொஞ்ச நேரம் பாத்திட்டு, "முதல்ல கிணத்தை இறைக்கோணும், செத்ததுகள் விழுந்திருக்கும், அந்தத் தண்ணியைக் குடிக்கக்கூடாது" எண்டா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலயும் கிணறு எங்க எண்டு கேப்பா, நானும் கெரால்டைக் கொண்டுபோய் கிணத்தடியில நிப்பாட்டிக் காட்டுவன்.

இன்னொண்டும் சொல்லோணும். வெலனில பெல்லார் எண்டு ஒரு பூசாரி மாதிரி ஆள், ஏரிக்கரையில கல்லு வட்டத்தில சனத்தைக் கூட்டி செத்தவையை அழைக்கிற சடங்கு செய்வார், நீங்க காவல் நிக்கோணும். போலந்துப் பக்கத்தில உண்மையாவே இப்படி முன்னோருக்குச் சாப்பாடு வைச்சுக் கூப்பிடுற வழக்கம் இருந்திருக்கு, எங்கட ஆடி அமாவாசை மாதிரி. பாதியில ஆயுதக்காரர் வந்து நிப்பாட்டச் சொல்லுவாங்கள், பூசாரியை விட்டுக்குடுக்கிறதா, எதிர்த்து நிக்கிறதா எண்டு நீங்கதான் முடிவெடுக்கோணும். நான் யோசிக்கவே இல்ல, வாளை உருவிட்டன். செத்தவையை நினைக்கக் கூடின சனத்தை ஒருத்தன் வந்து கலைக்கிறதை என்னால கேம் எண்டு பாத்துக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு.

இப்ப பெரிய கதை, பாரன் கதை. க்ரோஸ் பெர்ச் எண்ட கோட்டையில ஒரு பாரன் (சிற்றரசன் மாதிரி), குடிகாரன், மனுசியை அடிச்சவன், மனுசியும் மகளும் வீட்டை விட்டு ஓடிட்டினம், தேடித் தரச்சொல்லிக் கேக்கிறான். முதல்ல அவனில வெறுப்பு வரும், பிறகு அவன் வாயாலயே எல்லாத்தையும் சொல்லேக்க என்ன செய்யிறதெண்டு தெரியாது, அவன் செஞ்சது பிழை எண்டுறதில மாற்றமில்ல, ஆனா அவன் உடைஞ்சு நிக்கிறான். மனுசி சேத்துக்காட்டுக்குள்ள மூண்டு சூனியக்காரிகளிட்ட மாட்டி, தாய் தேப்பன் இல்லாத பிள்ளையள் கொஞ்சத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. அந்தப் பிள்ளையளைச் சூனியக்காரியள் தின்னப்போறாளுகள்.

பக்கத்தில ஒரு மேட்டில மரத்துக்கு அடியில ஒரு ஆவி சிறைப்பட்டு இருக்கு, தன்னை விடுவிச்சா பிள்ளையளைக் காப்பாத்துறன் எண்டு சொல்லும். அதுக்கு காக்கை இறகு, எலும்பு, ஒரு காட்டுக் குதிரை எல்லாம் கொண்டு போகோணும். ஆவி சொல்லுறது உண்மையோ பொய்யோ எண்டு தெரியாது. நான் விடுவிச்சன், பிள்ளையள் எண்ட உடன வேற யோசனையே வரேல்ல. பிள்ளையள் தப்பிச்சிதுகள், உண்மை. ஆனா அந்த ஆவி டவுன்வாரன் எண்ட ஊரையே அழிச்சுப்போட்டுது, அங்க இருந்ததும் நான் கதைச்சுப் பழகின சனம் தான். பாரன்ட மனுசியும் செத்துப்போனா. நான் பிறகு வேற என்னத்துக்கோ கோட்டைக்குப் போறன், முற்றத்தில மரத்தில பாரன் தொங்கிறான். கேமில ஒரு இடத்திலயும் "இதுதான் சரியான முடிவு" எண்டு சொல்லேல்ல, அந்த நேரம் சரி எண்டு செஞ்சது கன நேரம் கழிச்சு வேற முகத்தோட வந்து முன்னால நிக்குது, அப்ப முன்னம் பதிஞ்சு வைச்ச பழைய சேவுக்குத் திரும்பிப் போகவும் ஏலாது, அவ்வளவு தூரம் வந்திருப்பீங்க. அண்டைக்கு கொம்பியூட்டரை நிப்பாட்டிட்டு பல்கனியில போய்க் கன நேரம் நிண்டனான், கீழ கொழும்பு–காலி வீதியில ஒரு வாகனமும் இல்ல.

குறை இல்லாம இல்ல. கெரால்டைத் திருப்புறது லொறி திருப்புற மாதிரி, குதிரை வேலியில போய் மாட்டி நிக்கும், உங்கட லெவலை விடக் கூடின லெவலில ஒரு சாதாரண கொள்ளைக்காரன் இருந்தாலும் வெட்ட வெட்டச் சாகமாட்டான், அது எனக்குச் சரியான எரிச்சல். ஸ்கெலிகே தீவுப் பக்கம் கடலுக்குள்ள கிடக்கிற கேள்விக்குறிகளை விட்டிடுங்கோ, பெட்டி தூக்கிறது தவிர ஒண்டுமில்ல. நோவிக்ராட் நகரத்தில கெரால்டின்ட கூட்டாளி டான்டிலியனைத் தேடுற பகுதியும் தேவைக்கு மேல இழுபடுது. புதுசா தொடங்கிறீங்க எண்டா கீழ இருந்து ரெண்டாவது டிஃபிகல்ட்டி (கஷ்ட அளவு) போதும். 2022 டிசம்பரில வந்த இலவச அப்டேட் பழைய கிராபிக்ஸ் கார்ட்டுகளுக்குப் பாரம், ஸ்டீமில (கேம் வாங்கிற தளம்) பழைய 1.32 வெர்ஷனுக்கு மாத்தி விளையாடலாம்.

2022 இல ரெண்டாந்தரம் அதே மேட்டுக்குப் போய் ஆவியைக் கொன்றிட்டன், இந்தமுறை பாரன்ட மனுசி சாகக்கூடாது எண்டு. அவ உயிரோட இருந்தா, ஆனா புத்தி பேதலிச்சுப் போச்சு, பாரன் அவவைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் ஒரு வைத்தியரைத் தேடிப் போறான். டவுன்வாரன் ஊரும் இருக்கு. பிள்ளையள்தான் இல்ல. கரண்ட் வந்த சத்தத்துக்கு எழும்பின அம்மம்மா பின்னால வந்து நிண்டு, "அந்தக் குஞ்சுகள் எங்க, போனமுறை இந்த வீட்டு வாசலில விளையாடினதுகளே" எண்டு கேட்டா. தூரத்தில நல்ல இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போட்டினம் எண்டு சொன்னன்.