வாசகர் கேள்வி-பதில்: சீனிப்பாகு மட்டும் போதுமா?

கேள்வி: மாசி, பங்குனியில் ரப்பர் தேன் நன்றாகக் கிடைத்தது. மழை தொடங்கியதிலிருந்து வாராவாரம் தவறாமல் சீனிப்பாகு வைக்கிறேன். ஆனாலும் ஆறு தேனீப் பெட்டியில் இரண்டு, ஆடி மாதத்தில் காலியாகிவிட்டன. மீதி நான்கிலும் ஈ குறைந்துகொண்டே வருகிறது. பாகில் ஏதும் தப்பா?
– ஒரு வாசகி, கருங்கல் (குமரி மாவட்டம்)

பதில்: பாகில் தப்பில்லை அம்மா. பாகோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

வெயில் அடிக்கும் ஒரு காலையில் பெட்டியைத் திறந்து, புழு வளரும் கீழ் அறையின் நடுச் சட்டத்தை மெதுவாக எடுங்கள். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அடையின் கண்ணறைகளுக்குள் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, குட்டிப் புழு இருக்கும் கண்ணறையின் அடியைப் பாருங்கள். நன்றாகத் தின்னும் புழு, பளபளவென்று ஒரு துளி வெள்ளைப் பாலில் வளைந்து மிதக்கும். பட்டினிக் கூட்டில் அந்தப் பால் இருக்காது. புழு காய்ந்த மெழுகின் மேல் ஒட்டிக் கிடக்கும். நான் பெட்டியைத் திறந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான். தேன் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

அந்தப் பால், இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலையில் உள்ள சுரப்பியில் ஊறுவது. அது ஊற வேண்டுமென்றால் அவை மகரந்தம் தின்ன வேண்டும். சீனியில் புரதம் துளியும் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு வெறும் கஞ்சித்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, பால் சுரக்கவில்லையே என்று கேட்டால் எப்படி?

நம் பக்கத்தில் இந்தச் சிக்கல் கூடுதல். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. பழைய இலை உதிர்ந்து, செம்பு நிறத்தில் வந்த தளிர் பச்சையாகும்போது, மூன்று இலையும் காம்போடு சேருகிற இடத்தில் சொட்டாக ஊறும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். ஆனால் அதில் மகரந்தம் இல்லை. சுற்றிலும் ரப்பர் மட்டுமே இருந்தால், தேன் காலம் முடிந்ததும் தேனீக்கு இரண்டும் இல்லை. மழை விடாமல் பெய்தால் தென்னம்பாளைக்கும் போக முடியாது.

நம் இந்தியத் தேனீ பட்டினியைப் பொறுத்துக்கொண்டு பெட்டியில் இருக்காது. ராணி முட்டையைக் குறைக்கும். வேலைக்காரத் தேனீக்கள் வளர்க்க முடியாத புழுவைத் தாமே தின்றுவிடும். பிறகு ஒரு நாள் மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். உங்கள் இரண்டு பெட்டிகளும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றின் அடைகளை அப்படியே விட்டுவைக்காதீர்கள். மெழுகுப் புழு பிடிக்கும்.

மீதி நான்கையும் காப்பாற்றலாம். கொழுப்பு நீக்கிய சோயா மாவு 3 பங்கு, மதுபான ஆலைகளில் மிஞ்சும் உலர்ந்த ஈஸ்ட் 1 பங்கு எடுத்து, பாகு விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். ரொட்டிக்குப் போடும் உயிருள்ள ஈஸ்ட் வேண்டாம், புளித்துவிடும். நோயில்லாத உங்கள் சொந்தப் பெட்டியில் எடுத்த மகரந்தம் கொஞ்சம் இருந்தால் சேருங்கள், வாசனைக்கு வரும். நெல்லிக்காய் அளவு உருட்டி, வெண்ணெய்த்தாளில் தட்டி, புழு இருக்கும் சட்டங்களின் மேல் வையுங்கள். முதலில் தொட யோசிக்கும். நான்கு நாளில் தின்னாததை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பூஞ்சை பிடித்த உருண்டையை ஒருநாளும் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: சீனிக்குப் பதில் கருப்பட்டியோ, வீட்டில் மிஞ்சிய பழைய தேனோ கொடுக்கலாமா? பாகு எப்போது வைப்பது நல்லது?
– ஒரு வாசகர், அருமனை

பதில்: கருப்பட்டி நமக்கு நல்லது, தேனீக்கு ஆகாது. அதிலுள்ள தாது உப்பும் மற்றதும் அதன் வயிற்றுக்குச் செரிக்காது. பேதியாகிப் பெட்டி முகப்பில் பழுப்புக் கோடுகள் விழும். வெல்லமும் அப்படித்தான். வெள்ளைச் சீனி போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு, தண்ணீருக்குச் சமமாகச் சீனி போட்டுக் கரையுங்கள். சீனியோடு சேர்த்துக் காய்ச்சிக் கருக விடக்கூடாது. ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி என்பது கணக்கு.

ஊர் பேர் தெரியாத தேனை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. எங்கள் வீட்டில் 42 இருந்தது, 3 மிஞ்சியது. புழு நீர் கோத்த பை மாதிரி நிமிர்ந்து செத்துக் கிடக்கும். அப்பா அந்த அடைகளைக் குழி தோண்டி எரித்த வாசனை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பிறர் தேனையோ அடையையோ எங்கள் பெட்டிக்குள் விட்டதில்லை, நானும் விடுவதில்லை.

பாகை அந்தி சாய்ந்த பிறகு, எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். நான் தொடங்கிய வருடம் நடு மதியத்தில் ஊற்றினேன். கீழேயும் கொஞ்சம் சிந்திவிட்டது. பக்கத்துப் பெட்டி ஈக்கள் மோப்பம் பிடித்து, இளைத்த கூட்டில் புகுந்து கொள்ளையடித்தன. சாயங்காலம் வாசலில் கை நிறைய அள்ளும் அளவுக்குச் செத்துக் கிடந்தன. வாசலை ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கியிருந்தால் தப்பியிருக்கும். பாகுக்குத் தேங்காய்ச் சிரட்டையே போதும். மூழ்கிச் சாகாமல் இருக்க உள்ளே நாலைந்து குச்சி போடுங்கள்.

கேள்வி: தேன் எடுக்கும் மாதத்திலும் கொஞ்சம் பாகு வைத்தால் மகசூல் கூடாதா?
– ஒரு வாசகர், திருவட்டாறு

பதில்: கூடும். ஆனால் கூடுவது தேன் இல்லை. தேனீ பூவில் குடித்ததையும் சிரட்டையில் குடித்ததையும் ஒரே அடையில்தான் வைக்கும். கரும்புச் சீனியின் கலப்பைக் கார்பன் பரிசோதனை காட்டிவிடும். தேன் அறையை மேலே ஏற்றும் முன்பே சிரட்டையை எடுத்துவிடுங்கள். உங்களிடம் தேன் வாங்குகிறவர் மருந்து குழைக்க வாங்கியிருக்கலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் மகரந்தம் கிடைக்க என்ன நடலாம்?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: முருங்கை, கொடிரோஸ், துளசி, வரப்பில் கொஞ்சம் மக்காச்சோளம். தென்னை இருந்தால் பாதிக் கவலை இல்லை. அதைவிட முக்கியம், ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தானாக முளைக்கும் தொட்டாச்சிணுங்கி. மழை விட்ட காலையில் அதன் பூவில் எங்கள் தேனீக்கள் மொய்த்து, இரண்டு காலிலும் உருண்டை கட்டிக்கொண்டு வருவதைத் தினமும் பார்க்கிறேன். களைக்கொல்லி அடிக்க வருபவரிடம் வேலி ஓரம் நாலடியை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.