எர்கில் முந்துகிறவர் ஆற்றில் ஏன் பிந்துகிறார்?

கேள்வி: கோட்டூர்புரத்தில் வசிக்கிறேன், வயது 36, ஐ.டி. வேலை. அடையாற்றில் துடுப்பு போடக் கற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த மாதம் கிளப் ரிகாட்டாவில் (படகுப் போட்டி) முதல்முறையாக சிங்கிள் ஸ்கல்லில் (ஒருவரே இரண்டு துடுப்பு போடும் படகு) 1000 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எர்க் மெஷினில் (தரையில் வைத்துத் துடுப்பு போட்டுப் பழகும் இயந்திரம்) என் நண்பரைவிட நான்தான் வேகம். ஆற்றில் சேர்ந்து ஓட்டினால் அவர் முந்திவிடுகிறார். என் படகு எனக்கு வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, பாதி தூரத்திலேயே முன்கை கடுத்துவிடுகிறது. இந்த ஒரு மாதம் ஜிம் பயிற்சியைக் கூட்டட்டுமா? நண்பர் தன் புதுப் படகையும் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: ஜிம் பயிற்சியைக் கூட்டாதீர்கள். ஒரு மாதத்தில் பெரிதாக எதுவும் ஏறிவிடாது, களைத்த உடம்போடு போட்டிக்குப் போய் நிற்பீர்கள். உங்களிடம் பலம் இருக்கிறது என்று எர்க் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அது எங்கே வீணாகிறது என்று பார்ப்போம்.

எர்க் தரையில் கிடக்கிறது. அது சாயாது, திசை மாறாது, உங்கள் எடையைச் சுமக்கவும் வேண்டாம். சிங்கிள் ஸ்கல் அப்படி இல்லை. நீளம் 8 மீட்டருக்குச் சற்றுக் கூட, சர்வதேச விதிப்படி குறைந்தபட்ச எடை 14 கிலோ, நீர்மட்டத்தில் அகலம் ஏறத்தாழ ஓர் அடிதான். நீங்கள் கனமானவர் என்றால் எர்கில் அது சாதகம். தண்ணீரில் அதே கனம் படகை அமிழ்த்தித் தடையைக் கூட்டும். நண்பர் உங்களைவிட ஒல்லியாக இருந்தால் கணக்கில் பாதி அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதி வலப்பக்க இழுப்பு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், படகு உங்கள் வலப்பக்கம் போகிறது என்றால் இடது துடுப்பு அதிகம் வேலை செய்கிறது என்று பொருள். அது படகின் குறையா, உடம்பின் குறையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். காற்றில்லாத காலையில் ரேட் 18-இல் (நிமிடத்துக்கு 18 ஸ்ட்ரோக்), அழுத்தமே கொடுக்காமல் ஐம்பது ஸ்ட்ரோக் போடுங்கள். அப்போதும் விலகினால் படகைச் சந்தேகிக்கலாம்: படகின் அடியில் உள்ள சிறு தகடான ஃபின் வளைந்திருக்கும், துடுப்பைத் தாங்கும் சட்டமான ரிக்கரின் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது இரண்டு பக்க உயரமும் சரியில்லாமல் இருக்கும். இடது கை மேலே போகும்படி ஓட்டுகிறோம் என்பதால் இடது கேட் (துடுப்பு உட்காரும் கொண்டி) சுமார் ஒரு செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். கிளப் படகுகளில் ஆளுக்கு ஆள் மாற்றிவிடுவார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை.

மெதுவாகப் போகும்போது நேராகப் போய், வேகம் எடுத்ததும் விலகினால் குறை உங்களுடையது. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு இதுதான் தோன்றுகிறது. பக்கத்தில் படகு வந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பிடி இறுகினால் கால் தள்ளுவதற்கு முன்னாலேயே கை இழுக்க ஆரம்பிக்கும், அதிலும் பலமான கை முந்திக்கொள்ளும். முன்கை கடுப்பும் வலப்பக்க இழுப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கைப்பிடியை விரல்களால் கொக்கி போலப் பிடித்தால் போதும், கட்டைவிரல் அதன் நுனியில் வெளிப்பக்கமாக அழுத்தினால் துடுப்பு கேட்டை விட்டு நகராது. கால் முழுதாக நீளும்வரை முழங்கை மடங்கக் கூடாது. இந்த மாதம் தினமும் முதல் பத்து நிமிடம் இதற்கு மட்டும் கொடுங்கள்.

அப்புறம் தொடக்கம். புதியவர்கள் பெரும்பாலும் முதல் 250 மீட்டரிலேயே போட்டியைத் தொலைக்கிறார்கள். தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதற்கு ஈடாக நீங்கள் செலவழிக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ வேகத்தின் முப்படியோடு ஏறும். அதாவது 10 சதவீதம் வேகம் கூட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. ஆரம்பத்தில் அந்த ஆடம்பரச் செலவைச் செய்தவர் 600 மீட்டரில் கடன் கட்டுவார்.

முதல் ஐந்து ஸ்ட்ரோக்கை ஸ்லைடின் (இருக்கை நகரும் தண்டவாளம்) முக்கால், அரை, முக்கால், முழு, முழு என்று எடுங்கள். நின்ற படகை நகர்த்துகிறோம் என்பதால் முதல் ஸ்ட்ரோக்கில் அவசரம் கூடாது. அடுத்த பத்து 34 வாக்கில். அதன்பின் 28-க்கு இறங்கி, நீளமாகப் போடுங்கள். இறங்கும்போது பக்கத்துப் படகு அரைப் படகு நீளம் முன்னால் போகலாம். போகட்டும். கடைசி 200-இல் மறுபடி ஏற்றுவதற்கு மிச்சம் இருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் பல்ராஜ் பன்வார், அவரும் சிங்கிள் ஸ்கல்தான். அந்தப் போட்டிகளின் வீடியோவில் ஜெயிப்பவர் யார் என்பதை விட்டுவிட்டு, தொடக்க வேகத்திலிருந்து ஒவ்வொருவரும் எப்படி இறங்குகிறார்கள் என்று பாருங்கள்.

திசைக்கு ஒரு வழி. ஸ்டார்ட்டில் படகு நேராக நிற்கும்போது, பின்முனைக்கு நேரே கரையில் ஒரு தென்னையையோ கட்டடத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். பின்முனை அதன்மேலேயே நின்றால் நீங்கள் நேராகப் போகிறீர்கள். சில ஸ்ட்ரோக்குக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அதுவும் துடுப்பு இன்னும் தண்ணீரில் இருக்கும்போது. காற்றில் இருக்கையில் தலையைத் திருப்பினால் படகு ஆடும். லேனை விட்டு அடுத்தவர் வழியில் போனால் நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கி உங்களைக் கூப்பிடுவார், கொடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நகர வேண்டும். பதறாமல் ஒரு பக்கத்தை இரண்டு ஸ்ட்ரோக் அழுத்தினால் போதும்.

கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயமும் பிடியை இறுக்கும். இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்து, துடுப்புகள் தண்ணீரில் தட்டையாகக் கிடக்கும்வரை சிங்கிள் எளிதில் கவிழாது. கைப்பிடியை விட்டவர்தான் விழுகிறார். அப்படியே விழுந்தாலும் படகை விட்டு நீந்தாதீர்கள், அது மிதக்கும். அடையாற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொள்ளுங்கள், கொப்புளம் உடைந்திருந்தால் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு இறங்குங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் காயத்தின் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் வரும்.

பயிற்சி விடியலிலேயே முடியட்டும். வெயில் ஏறி கடற்காற்று புகுந்துவிட்டால் தண்ணீர் சிலிர்க்கும். ஆனால் உங்கள் ஹீட் (முதல் சுற்று) காலை பத்து மணிக்கு மேல் இருந்தால், ஒரு சனிக்கிழமை அதே நேரத்தில் ஓட்டிப் பழகுங்கள். எதிர்காற்றில் ரேட்டைக் குறைத்து, துடுப்பைத் திருப்புவதில் நிதானமாக இருக்க வேண்டும், அது மண்டையில் ஏறினால் போதாது, கைக்குத் தெரிய வேண்டும்.

நண்பரின் படகு வேண்டாம். ஒவ்வொரு படகும் குறிப்பிட்ட எடை வரம்புக்குச் செய்யப்படுவது. அவர் உங்களைவிட ஒல்லி என்றால், அவருக்கு வாங்கியதில் நீங்கள் உட்கார்ந்தால் ரிக்கர் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும், துடுப்பை வெளியே எடுக்கவே இடம் இருக்காது. கால் வைக்கும் ஸ்டிரெச்சர், கேட் உயரம் எல்லாவற்றையும் மறுபடி உங்களுக்காக மாற்ற வேண்டும், அவருக்கும் அதே நாளில் போட்டி இருந்தால் இரண்டு பேருக்கும் வம்பு. ரிகாட்டா முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள்.