டயாலிசிஸை ஏன் உடனே தொடங்கவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா முற்றி ரத்தத்தில் கிருமி பரவி, நான்கு நாளாக ஐசியுவில் இருக்கிறார். சிறுநீர் குறைந்துவிட்டது, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர்களோ, “டயாலிசிஸ் இப்போது வேண்டாம், பார்க்கலாம்” என்கிறார்கள். காலம் கடத்துகிறார்கள் என்று அண்ணன் கோபப்படுகிறார். ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கச் செய்யவேண்டுமோ என்று அம்மாவுக்குப் பயம்.
— வாசகி, ஈசூன்

பதில்: அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. சீக்கிரம் தொடங்கினால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று மருத்துவர்களிலேயே பலர் நம்பியிருந்தார்கள்.

அதைச் சோதித்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. 15 நாடுகள், அப்பாவைப் போல ஐசியுவில் திடீரென்று சிறுநீரகம் பழுதான சுமார் 3,000 பேர். ஒரு பாதிக்குச் சீக்கிரமே டயாலிசிஸ். மறு பாதிக்கு அவசரத் தேவை வந்தால், அல்லது பழுது நீடித்தால் மட்டும். 90 நாளுக்குள் இறந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய 44 சதவீதம். காத்திருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர்போல டயாலிசிஸே செய்துகொள்ளவில்லை.

அம்மாவின் பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. பிழைத்தவர்களில், 90ஆம் நாளிலும் டயாலிசிஸில் இருந்தவர்கள் காத்திருந்த பக்கம் 6 சதவீதம். சீக்கிரம் தொடங்கிய பக்கம் 10. டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் இறங்கினால், தேறி வருகிற சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி விழலாம். கழுத்திலோ தொடையிலோ போடும் குழாய் வழியாகக் கிருமியும் ஏறலாம். ஆனால் நீரிழிவால் முன்பே சிறுநீரகம் பலவீனமாகியிருந்தால், டயாலிசிஸ் தொடரும் வாய்ப்பு கூடுதல்தான். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

சரி, எதுவரை காத்திருக்கலாம்? பொட்டாசியம் ஆபத்தாக ஏறினாலோ, ரத்தத்தில் அமிலம் மிகுந்தாலோ, மருந்துக்கும் இறங்காமல் நுரையீரலில் நீர் கோத்தாலோ காத்திருக்கக்கூடாது. அளவுக்கு மீறித் தள்ளிப்போடுவதில் பலன் இல்லை, கெடுதல்கூட வரலாம் என்று 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. தேவைப்படும்போது அப்பாவின் ரத்த அழுத்தம் நிலையாக இல்லையென்றால், நாள் முழுக்க மெதுவாக ஓடும் இயந்திரத்தைப் போடுவார்கள்.

நாளை டாக்டரிடம், “எந்தெந்த அளவைக் கவனிக்கிறீர்கள், எது எங்கே போனால் தொடங்குவீர்கள்?” என்று கேளுங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், அப்பா மூட்டுவலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சாப்பிட்டிருந்தால், சிறுநீரகத்தைப் பாதித்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள்.