கதாநாயகன் ஜெயித்தால் தத்துவமும் ஜெயித்ததா?

கேள்வி: அய்ன் ராண்ட் எழுதிய ‘தி ஃபவுன்டன்ஹெட்’ நாவலைப் படித்து முடித்தேன். அதன் கதாநாயகன், கட்டடக் கலைஞன் ஹோவார்ட் ரோர்க் மனதை விட்டு அகலவில்லை. ஆனால், பிறருக்காக வாழ்வதே தவறு என்கிறது நாவல். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நான் ஏமாளியா? ‘சுயநலக் குப்பை, தூக்கிப் போடு’ என்கிறான் அண்ணன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் ஏமாளி இல்லை, அம்மா. ராண்டே அப்படிச் சொல்லமாட்டார். நேசிக்கும் மனைவியைக் காப்பாற்ற ஒருவன் சொத்தையெல்லாம் செலவழித்தால் அது தியாகமே அல்ல, தனக்கு உயிரானதைத்தான் அவன் காத்துக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. 1964-ல் வந்த ‘தி வெர்ச்யூ ஆஃப் செல்ஃபிஷ்னஸ்’ என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பில் இது இருக்கிறது.

என் வழக்கு இதற்கு அடுத்த படியில். இரவெல்லாம் நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்தவர்களுக்குத் தெரியும், அன்பும் சோர்ந்துபோகும் நேரம் உண்டு. எரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். அப்போதும் மருந்து கொடுக்க எழுந்துவிடுகிறோம். இந்தக் கடமைக்கு ராண்டின் அறத்தில் இடமே இல்லை. எனக்கு அது பெரிய ஓட்டையாகப் படுகிறது.

அதற்காகக் குப்பை என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் காசில்லாத ரோர்க்கிடம், முகப்பை மட்டும் பழைய பாணிக்கு மாற்றிக்கொடு, வங்கிக் கட்டட வேலை உனக்குத்தான் என்கிறார்கள். மறுத்துவிட்டுக் கல்குவாரிக்குக் கூலி வேலைக்குப் போகிறான். அந்த இடத்தில் நம் முதுகும் நிமிர்கிறது. அது பொய்யான உணர்ச்சி அல்ல. 1905-ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் ராண்ட். மக்களின் பெயரால் வந்த போல்ஷ்விக் ஆட்சி அவருடைய தந்தையின் மருந்துக்கடையைப் பறித்துக்கொண்டது. 1926-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சூடு ஆறவில்லை.

ஆனால் நாவலின் கடைசிப் பகுதியை மறுபடி படியுங்கள். ஏழைகளுக்கான குடியிருப்பைத் தன் வரைபடப்படி கட்டவில்லை என்று ரோர்க் வெடிவைத்துத் தகர்க்கிறான். ஜூரிகள் விடுதலை செய்கிறார்கள். ரோர்க்கின் வாதம் உங்களையும் உருக்கியிருக்கும். அங்கே குடிவரக் காத்திருந்த ஒரு குடும்பமாவது சாட்சிக்கூண்டில் ஏறியதா? வாதியும் பிரதிவாதியும் ஜூரியும் ஒரே பேனாவிலிருந்து பிறக்கும்போது தீர்ப்பு வேறு எப்படி வரும்? கதை நம்மை அசைக்கலாம். தத்துவத்துக்கு அது நிரூபணம் ஆகாது.

தாராளச் சந்தையை ஆதரித்த தத்துவ அறிஞர் ராபர்ட் நோஸிக், ராண்டின் முடிவுகள் பலவற்றோடு ஒத்துப்போகக்கூடியவர். அவரே 1971-ல், ராண்டின் அறநெறி வாதம் தர்க்கப்படி நிற்கவில்லை என்று படிப்படியாகப் பிரித்து எழுதினார். எதிர்முகாமின் வசவுகளைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

அடுத்து 1957-ல் வந்த ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலைத்தான் எடுப்பீர்கள். அதற்கு முன் கட்டுரைத் தொகுப்பைப் படித்துவிடுங்கள். அங்கே கதாநாயகன் இல்லை, வாதம் தனியாக நிற்கிறது. பிறகு நாவலில் அதன் கதாநாயகன் ஜான் கால்ட்டின் நீண்ட வானொலி உரை வரும்போது கையில் பென்சில் இருக்கட்டும். உடன்பட முடியாத வரிகளில் கோடு போட்டு, ஏன் என்று ஓரத்தில் எழுதுங்கள்.