அச்சோவியம் வெறும் நகல்தானே, அதற்கு ஏன் அவ்வளவு விலை?

ஏதோ கண்காட்சியில் படத்தின் கீழே பென்சிலில் 2/10 (பத்துப் பிரதிகளில் இரண்டாவது) என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் லினோகட், அதாவது லினோலியம் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கும் வேலை, செய்கிறவள். படித்ததும் சுருக்கென்றுதான் இருந்தது.

நகல் என்றால் அசல் வேறெங்கோ இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்று கிடையாது. செதுக்கிய லினோவில் மை உருட்டி, ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுக்கிறோம். பத்தும் அசல். பத்தாகப் பிரிவதால் விலையும் ஓவியத்தைவிடப் பெரும்பாலும் குறைவுதான்.

எங்கள் ஆயா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியில் குடியேறியவர். அந்த வருடம்தான் அங்கே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. ஆயா நகையைக்கூடக் கொண்டுவர முடியவில்லை, வீட்டு போட்டோவுக்கு எங்கே போவது? கேட்டால், "மர வீடு, வெளியில படி" என்பார். அவ்வளவுதான். அதை வைத்தே செதுக்கினேன். பிரஸ் இல்லை, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன்.

ஆயா பார்த்துவிட்டு, "ஏண்டி, படி இந்தப் பக்கமா இருந்துச்சு?" என்றார்.

அச்சில் இடம் வலமாகும் என்பது முதல் நாள் பாடம். மறந்துவிட்டேன். (சிரிக்காதீர்கள், கை தேர்ந்தவர்களுக்கும் நடக்கும்.) ஆனால் அந்தத் தப்பைத் திருத்தத்தான் ஆயா வாயைத் திறந்தார். படிக்கு எந்தப் பக்கம் தண்ணீர்ப் பானை, காலையில் சோறு வாங்க வரும் பிக்குகள் எங்கே நிற்பார்கள், எல்லாம் வந்தது. புது லினோவில் மறுபடி செதுக்கினேன்.

ஆயாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒற்றை ஓவியமாக இருந்திருந்தால் பெரியப்பாவும் அத்தையும் பாகப்பிரிவினைக்கே போயிருப்பார்கள்.

அலிகரில் பிறந்த அச்சோவியக் கலைஞர் ஜரீனா ஹாஷ்மியின் குடும்பம் பின்னாளில் கராச்சிக்குப் போய்விட்டது. அவர் 1999இல் வீட்டு நினைவை 36 மரச்செதுக்கு அச்சுகளாகச் செய்தார், ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். அதை நகல் என்பீர்களா? அவரோடு என்னை ஒப்பிடவில்லை, உடனே கமெண்டில் வந்துவிடாதீர்கள்.

அப்புறம், இந்த ஊர் வீட்டு ஓனர்களைப் பற்றியும் யாராவது கேள்வி கேளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாதாம். என் பங்குப் பிரதி இரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது.