கிட்டார் கேபினட்டில் ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது: பதிலுக்கு எதைப் போடலாம், எப்படி ஒப்பிட்டு வாங்குவது?

கேள்வி சுருக்கமாக: காட்பாடியில் சர்ச் பாட்டுக்குழுவுக்கு 50 வாட்ஸ் வால்வு ஆம்ப், அதன் கீழே இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர் போட்ட கேபினட். பின்பக்கத் தகட்டில் 8 ஓம் என்று இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் சுத்தமாகப் பேசவில்லை, இன்னொன்று வேலை செய்கிறது. உள்ளூர் சவுண்ட் சர்வீஸ்காரர் “400 வாட்ஸ் பி.ஏ. ஸ்பீக்கர் போட்டுடலாம், இனிமே போகவே போகாது” என்கிறார். போடலாமா? இல்லையென்றால் எதை வாங்குவது?

பி.ஏ. ஸ்பீக்கர், அதாவது மேடை மைக் செட்டுக்கான ஸ்பீக்கர், வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், கேள்வியிலேயே ஒரு பொறி இருக்கிறது. தகட்டில் 8 ஓம் என்று இருப்பதைப் பார்த்து 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவந்து மாட்டிவிடாதீர்கள்.

ஒன்று செத்தும் மற்றது பாடுகிறது என்றால் இரண்டும் பேரலலாக, அதாவது தனித்தனிப் பாதையில், இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, சீரீஸாக இருந்திருந்தால் ஒன்றின் வாய்ஸ் காயில் (கோன் எனும் காகிதக் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள்) அறுந்ததும் இரண்டுமே ஊமையாகியிருக்கும். பேரலலில் இரண்டு சேர்ந்து 8 ஓம் வர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 16 ஓம். ஆக உங்களுக்குத் தேவை 16 ஓம் ஸ்பீக்கர். அங்கே 8 ஓம் போட்டால் 16-உம் 8-உம் சேர்ந்து 5.3 ஓம் ஆகும். ஆம்ப்பில் ஓமைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரில் அப்படி ஓர் எண் கிடையாது. அதைவிட மோசம், 8 ஓம் ஸ்பீக்கர் மற்றதைவிட இரண்டு மடங்கு பவரை இழுத்துக்கொள்ளும். புதிதாக வாங்கியதுதான் முதலில் எரியும்.

ஸ்பீக்கரைக் கழற்றி, பின்பக்க மேக்னட் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். மீட்டர் காட்டுவது டி.சி. ரெசிஸ்டன்ஸ், அது எழுதியிருக்கும் ஓமைவிட எப்போதும் குறைவாகத்தான் வரும்: 16 ஓம் ஸ்பீக்கர் 11 முதல் 13 வரை, 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை, 4 ஓம் என்றால் 3-க்குச் சற்று மேலே. 6.5 காட்டியதும் “இது 6 ஓம் ஸ்பீக்கர்” என்று சொல்லும் கடைகள் உண்டு. அப்படி இல்லை.

மீட்டர் எதுவுமே காட்டவில்லையா? உடனே காயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் சடை போட்ட மெல்லிய வயர் இரண்டு இருக்கும். கோன் ஆடி ஆடி, அது டெர்மினல் பக்கத்து வளைவில்தான் அறுபடும். துணியுறை மூடியிருப்பதால் அறுந்தது வெளியே தெரியாது. மீட்டர் முள்ளை டெர்மினலில் வைப்பதற்குப் பதிலாக, அந்த வயர் கோனில் வந்து சேரும் இடத்தில் இருக்கும் ஈயப் பொட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே 12 காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது, வயர்தான் போயிருக்கிறது. அது சால்டரிங் வேலை, புது ஸ்பீக்கர் செலவே இல்லை.

இன்னொரு சோதனை: இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசல் கேட்டால் காயில் ரப்பிங். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. கோனில் சின்னக் கிழிசல் மட்டும் என்றால் டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் போதும். கிழிசல் ஓரத்து மடிப்புகளில் இருந்தால் மட்டும் ஃபெவிகால் கூடாது, காய்ந்து விறைத்துக்கொள்ளும். அங்கே வளையும் ரப்பர் பசை வேண்டும்.

“கோன், காயில் மாத்திக் கொடுக்கிறேன்” என்பவர்கள் வேலூரிலும் ஆற்காட்டிலும் இருப்பார்கள். வேலை சுத்தமாகவே செய்வார்கள். ஆனால் அவர்களிடம் இருக்கும் கோனும் காயிலும் பெரும்பாலும் பி.ஏ. ஸ்பீக்கருக்கானவை, கனமானவை. ஸ்பீக்கர் உயிர் பெறும், கிட்டார் குரல் திரும்பாது. அந்த மாடலுக்கே உரிய கோன் கிட் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

சரி, ஏன் பி.ஏ. ஸ்பீக்கர் கூடாது? கிட்டார் ஸ்பீக்கர் உண்மையான ஒலியை அப்படியே தருவதற்காகச் செய்ததல்ல. மெல்லிய காகிதக் கோன், நடு அலைவரிசைகளில் தூக்கல், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சடாரென்று இறக்கம். அந்த இறக்கம்தான் ஓவர்டிரைவின் கரகரப்பை வடிகட்டி நம் காதுக்கு ‘கிட்டார்’ ஆக்குகிறது. பி.ஏ. வூஃபரின் கோனும் காயிலும் கனம், அடியொலிக்காகச் செய்தவை. தனியாகப் போட்டால் நடு ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். ஹார்ன் வைத்த பி.ஏ. பாக்ஸில் கொடுத்தாலோ எதிர்ப்பிரச்சினை, வடிகட்டாத கரகரப்பு முழுவதும் வெளியே வரும். 400 வாட்ஸ் என்பது அது தாங்கும் அளவு. 50 வாட்ஸ் ஆம்ப்பில் மாட்டினால் 50 வாட்ஸ்தான் போகும், சத்தம் கூடாது.

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது வாட்ஸ் அல்ல, சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட்ஸ் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த டெசிபல். கிட்டார் ஸ்பீக்கர்களில் இது ஏறக்குறைய 95 முதல் 102 வரை இருக்கும். 3 டெசிபல் வித்தியாசம் என்றால் ஆம்ப் பவர் இரண்டு மடங்கு ஆனதற்குச் சமம். கிட்டார் ஸ்பீக்கர் செய்யும் செலஸ்டியன் கம்பெனியையே எடுத்துக்கொண்டால் வின்டேஜ் 30 என்பது 60 வாட்ஸ் தாங்கும், 100 டெசிபல். ஜி12டி-75 என்பது 75 வாட்ஸ் தாங்கும், 97 டெசிபல். வாட்ஸ் அதிகமுள்ள இரண்டாவதுதான் சத்தம் குறைவு. அதில் 50 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தம் முதலாவதில் 25 வாட்ஸிலேயே வந்துவிடும். வெறும் 15 வாட்ஸ் தாங்கும் ஆல்நிகோ புளூவும் 100 டெசிபல்தான்.

தாங்கும் அளவுக்கு வருவோம். 50 வாட்ஸ் என்று எழுதிய வால்வு ஆம்ப், முறுக்கிவிட்டால் 50-ஐத் தாண்டி நன்றாகவே மேலே போகும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஓம் என்றால் பவர் சமமாகப் பிரியும். கூட்டுத்தொகை ஆம்ப்பைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. செலஸ்டியனின் 25 வாட்ஸ் மாடலான கிரீன்பேக் இரண்டு என்றால் 25-உம் 25-உம் 50, விளிம்பில் நிற்கிறது. வால்யூம் பாதிக்கு மேல் போகாத சர்ச்சில் தாக்குப்பிடிக்கும், கன்வென்ஷன் மைதானத்தில் பிடிக்காது. இரண்டு வேறு மாடல் கலந்தால் குறைந்த வாட்ஸுள்ளதை இரண்டால் பெருக்குங்கள். வின்டேஜ் 30-உடன் கிரீன்பேக் என்றால் கேபினட் தாங்குவது 85 அல்ல, 50.

எந்தக் குரல்? உங்கள் வேலை பாடுகிறவர்களுக்குப் பின்னால் வாசிப்பது. வின்டேஜ் 30 மேல்-நடு ஒலியில் துருத்திக்கொண்டு நிற்கும். ராக் லீடுக்கு அதுதான் வேண்டும், ஆனால் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டிய அதே அலைவரிசையில் வந்து மோதும். ஜி12டி-75 நேர்மாறு, நடுவே குழிவு. வீட்டில் தனியாக வாசித்தால் பிரமாதம், கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் காணாமல் போகும். உங்களுக்கு நான் சொல்வது அதே செலஸ்டியனின் கிரீம்பேக் ஜி12எம்-65: 65 வாட்ஸ், 97 டெசிபல், கிரீன்பேக் வகை இதமான நடு ஒலி. இரண்டு போட்டால் 130 வாட்ஸ், ஆம்ப்பை எங்கே வைத்தாலும் கவலையில்லை. முழுக்க கிளீன் சவுண்ட், மினுமினுக்கும் கார்டு என்றால் ஜென்சன் கம்பெனியின் சி12என் பாருங்கள். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் பழையதோடு ஜோடி சேர்ப்பதில் தவறில்லை: ஓம் ஒன்றாக இருக்கட்டும், சென்சிடிவிட்டி 2, 3 டெசிபலுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சத்தம் குறைந்தது இருப்பதே தெரியாது.

ஒப்பிடும்போது நடக்கும் ஏமாற்று இது: இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டால் சத்தம் கூடியதே ‘நல்லா இருக்கு’ என்று தோன்றும். 3 டெசிபல் கூடுதலை நம் காது ‘அதிகத் தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். போனில் டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, ஒரே இடத்தில் வைத்து, ஒரே கார்டை லூப்பரில் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்) ஓட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரே எண் வரும்படி மாஸ்டர் வால்யூமை மட்டும் மாற்றுங்கள். ஆப் காட்டும் எண் சரியா தப்பா என்பது பொருட்டில்லை, இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். டோன் குமிழ்களைத் தொடாதீர்கள். ஒரே கேபினட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்கம் திறந்த பெட்டியில் கேட்டதையும் மூடிய பெட்டியில் கேட்டதையும் வைத்து ஸ்பீக்கரைத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நிற்கும் இடமும் முக்கியம். 12 இன்ச் ஸ்பீக்கர் உயர் ஒலியை டார்ச் லைட் போல நேரே அடிக்கும். கேபினட் தரையில், நீங்கள் ஆம்ப்பை ஒட்டி நின்றால் உங்களுக்குக் கேட்பது மந்தமான ஒலி. நீங்கள் டிரெபிளைக் கூட்டக் கூட்ட, முன்வரிசை பெஞ்சில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். குனிந்து, ஸ்பீக்கரின் நேர் எதிரே மூன்று நான்கு அடியில் காதை வைத்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை கேளுங்கள். யூடியூப் ஒப்பீடுகளை மாடலின் பொதுக் குணம் அறிய மட்டும் பாருங்கள். மைக்கை நடுக்குமிழிலிருந்து ஒரு இன்ச் ஓரத்துக்கு நகர்த்தினாலே ஸ்பீக்கர் மாற்றியது போன்ற வித்தியாசம் வரும்.

புது ஸ்பீக்கர் முதலில் விறைப்பாக இருக்கும், சில வாரம் வாசித்தபின் இளகும். முதல் நாளே கூர்மையாகக் கேட்கிறது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மல்டி-எஃபெக்ட்ஸ் வழியாகப் போகிறவர்கள் அதில் கேப் சிமுலேஷன், அதாவது கேபினட்டின் ஒலியைப் போலச் செய்யும் வசதி, அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓடும்போது கேபினட்டில் கேட்டால் எந்த ஸ்பீக்கரும் மந்தம்தான்.

ஒரு சந்தேகம்: அந்த ஆம்ப்பில் யாராவது பேஸ் கிட்டாரோ கீபோர்டோ செருகுகிறார்களா? பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் அடித் தந்தி 82. கிட்டார் ஸ்பீக்கரின் காயில் அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகச் செய்ததல்ல, பின்பக்கம் திறந்த பெட்டியில் கோனைத் தாங்கிப்பிடிக்கக் காற்றும் இல்லை. அதை நிறுத்தாவிட்டால் புதியதும் இதே கதிதான்.

வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியில் 16 என்று அச்சிட்டு உள்ளே 8 இருக்கலாம், மாற்றுவதற்காக மறுபடியும் சென்னைக்கு ரயில் ஏறுவதைவிட அங்கேயே அளப்பது மேல். பயன்படுத்திய ஸ்பீக்கர் என்றால் கோன் அழுத்தும் சோதனையையும் அங்கேயே செய்யுங்கள், ஓரத்தில் பசை வழிந்த தடம் இருந்தால் கோன் மாற்றியது. மேக்னட்டின் ஆழத்தையும் கேளுங்கள், ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்ப்பில் வால்வில் இடிக்கும்.

மாட்டும்போது கேபினட்டைக் குப்புறப் படுக்க வைத்து, பின்வழியாக வேலை செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை மேக்னட் சட்டென்று இழுக்கும், நுனி கோனைக் கிழிக்கும். கோன் மேல் ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஃபிரேம் வளைந்து காயில் உரசும். வயர் 18 கேஜ் அல்லது அதைவிடத் தடிமன். கிட்டார் கேபிளை ஆம்ப்புக்கும் கேபினட்டுக்கும் நடுவில் போடுவது கூடவே கூடாது.

பிறகு பேட்டரிச் சோதனை. 1.5 வோல்ட் செல்லை ஜாக்கில் ஒரு நொடி தொடவைத்தால் இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் அடியொலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சவுண்ட் ஒல்லியாகிவிடும், ஒன்றின் வயரை மாற்றிப் போடுங்கள். கடைசியாக ஜாக்கில் மீட்டர்: இரண்டு 16 ஓமுக்கு 6 சொச்சம் வர வேண்டும். 12 காட்டினால் ஒன்று சேரவில்லை, 0 காட்டினால் ஷார்ட், எதுவுமே இல்லையென்றால் எங்கோ வயர் விட்டிருக்கிறது. 6 வரும்வரை வால்வு ஆம்ப்பை ஆன் செய்யாதீர்கள், லோடு, அதாவது ஸ்பீக்கர் இணைப்பு, இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதன் விலைக்கு முன்னால் ஸ்பீக்கர் விலை ஒன்றுமேயில்லை. புதியது வரும்வரை ஞாயிறு ஆராதனைக்கு மிச்சமுள்ள ஒன்றில் ஓட்டத்தான் வேண்டும் என்றால், ஆம்ப் செலக்டரை 16-க்கு மாற்றி, வால்யூமைத் தாழ்வாக வைத்து, கேபினட்டுக்கு மைக் வைத்துக்கொள்ளுங்கள்.